குரூப்ல சொன்னவளும் தனியா சொன்னவங்களும்

காலேஜ் பேட்ச் குரூப்னு ஒண்ணு இப்ப எல்லார் போன்லயும் இருக்கு. காலைல குட்மார்னிங் படம், யாருக்காச்சும் பொறந்தநாள்னா பூங்கொத்து படம், நடுவுல யாராவது பழைய போட்டோ ஒண்ண தோண்டி எடுத்து போடுவாங்க, உடனே எல்லாரும் இருபது வயசுக்கு போயிடுவாங்க. எங்க குரூப்பும் அப்படித்தான். வெள்ளி விழா வருஷம் தாண்டிப் போச்சு, இப்பவாச்சும் எல்லாரும் ஒரு தடவ சந்திக்கணும்னு பேச்சு ஓடிட்டு இருந்த நேரத்துல ஒருத்தி எங்க ஹாஸ்டல் வராண்டா போட்டோ போட்டா. அதுக்கு கீழ குரூப் அட்மின் எழுதினா, "இங்க தானே நம்ம சிபிஐ ரெய்டு நடந்துச்சு, ஞாபகம் இருக்கா?" கூடவே சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி வர்ற பொம்மை வரிசையா. அத பாத்துட்டு இன்னும் பல பேர் அதே பொம்மைய போட்டாங்க.

அந்த ரெய்டு நடந்தது என் பெட்டில.

கதை ரொம்ப சின்னது தான். கல்ச்சுரல்ஸுக்கு வசூல் பண்ணி வெச்சிருந்த பணம் காணாம போச்சு. நான் ஸ்காலர்ஷிப்ல படிச்சவ, வீட்டுலேர்ந்து மணியார்டர் லேட்டா தான் வரும், மெஸ் பாக்கி லிஸ்ட்ல என் பேரு நோட்டீஸ் போர்டுல தொங்கும். அது போதாதா? ராத்திரி ஸ்டடி அவர் முடிஞ்சதும் வார்டன் மேடம் கைல டார்ச்சோட வந்தாங்க (கரண்ட் இருந்துச்சு, டார்ச் எதுக்குன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல), என் ட்ரங்க் பெட்டிய வராண்டாவுக்கு இழுத்துட்டு வரச் சொல்லி ஒவ்வொரு துணியா எடுத்து உதறினாங்க. உள்பாவாடை ஒண்ணு, இடுப்புப் பட்டி கிழிஞ்சு போனதுல அம்மா வேற கலர் துணி வெச்சு தெச்சுக் குடுத்தது, அத ரெண்டு கையாலயும் விரிச்சு லைட்டுக்கு நேரா தூக்கிப் புடிச்சு பாத்தாங்க, பணத்த அதுக்குள்ள வெச்சு தெச்சிருப்பேனோன்னு. பின்னாடி யாரோ சிரிச்சாங்க. திருடின்னு சொன்னது கூட எனக்கு மங்கிப் போச்சு, அந்த பட்டியோட கலர் மட்டும் மங்கல.

பணம் கெடைக்கல. கெடைக்கலன்னா நான் எடுக்கலன்னு தானே அர்த்தம்? அப்படி யாரும் நெனைக்கல, வெளிய கடத்திட்டேன்னு தான் நெனச்சாங்க. அந்த செமஸ்டர் முடிஞ்சதும் ஹாஸ்டல காலி பண்ணி தினமும் பஸ்ல போய்ட்டு வந்து டிகிரிய முடிச்சேன். யாரும் என்ன வெளிய போன்னு சொல்லல, அதையும் சொல்லிடணும். என்னால அங்க இருக்க முடியல, அவ்ளோ தான்.

சரி, அந்த பொம்மைங்களுக்கு வருவோம். நான் பாத்துட்டு போன கவுத்து வெச்சுட்டேன். இத்தன வருஷத்துல பழகிப் போன வேல அது. திரும்ப எடுத்தப்ப என் பழைய ரூம்மேட் பேருக்கு கீழ டைப்பிங்னு வந்துட்டு நிக்குது, மறுபடி வருது, மறுபடி நிக்குது. அவ குரூப்ல வாயே திறக்காத ஆளு. அப்புறம் வந்துச்சு, முழுசா தமிழ்ல, ஒரு பொம்மை கூட இல்லாம:

"அந்த பணத்த இவ எடுக்கல. யார் எடுத்தாங்கன்னு நான் என் கண்ணால பாத்தேன். வார்டன் கேட்டப்ப எனக்கு தெரியாதுன்னு சொன்னேன். அந்த ராத்திரி இவ பெட்டிய தெறக்குறப்ப நான் பக்கத்துல தான் நின்னேன், ஒண்ணும் பேசல. நான் பேசியிருந்தா இவ ஹாஸ்டல விட்டு போயிருக்க மாட்டா. எடுத்தது யாருன்னு இங்க சொல்லப் போறதில்ல, அவங்களும் இத படிக்கிறாங்க, சொல்றதும் சொல்லாததும் அவங்க இஷ்டம். நான் செஞ்சத நான் சொல்லணும்னு தோணுச்சு."

குரூப்ல ஒரு சத்தமும் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு ஒருத்தி "எதுக்கு இப்ப இந்த பழைய குப்பையெல்லாம், ஹேப்பியா இருப்போமே"ன்னா. இன்னொருத்தி கை கூப்புற பொம்மை. அதுக்கப்புறம் அட்மின் செட்டிங்க மாத்திட்டா, அட்மின் மட்டும் தான் மெசேஜ் போட முடியும்னு. உடனே உங்களுக்கு என்ன தோணும்னு எனக்கு தெரியும், அப்ப எடுத்தது அவ தான்னு. எனக்கும் தோணுச்சு. ஆனா சண்ட வேணாம்னு நெனைக்கிற யாரும் அத செய்வாங்க. மெஸ் பாக்கிய வெச்சு என்ன முடிவு பண்ணாங்க பாருங்க, அதே மாதிரி ஒரு செட்டிங்க வெச்சு நான் இன்னொருத்திய முடிவு பண்ண மாட்டேன். ரூம்மேட்கிட்ட கேட்டா சொல்லிடுவா, நான் கேக்கல, கேக்கப் போறதும் இல்ல.

சின்ன வயசு தைரியம் வேற, நாப்பதுக்கு மேல வர்ற தைரியம் வேற. இருபது வயசுல நமக்கு இழக்க என்ன இருக்கு? ஆனாலும் அப்ப தான் பயம் ஜாஸ்தி, ஏன்னா நம்மள சுத்தி இருக்குற அந்த அம்பது பேரு தான் உலகம்னு நெனைப்போம். நாப்பதுக்கு மேல உண்மையிலேயே இழக்க நிறைய இருக்கு. என் ரூம்மேட்டோட வீட்டுக்காரருக்கு வேல போய் கஷ்டப்பட்டப்ப புது வேல கெடச்சதே இந்த குரூப்ல இருக்குற ஒருத்தியோட சிபாரிசுல தான். அது அவளுக்கு தெரியாதா என்ன? தெரிஞ்சு தான் டைப் பண்ணி அழிச்சு, டைப் பண்ணி அழிச்சு, கடைசில அனுப்புனா.

நான் பி.எட் படிச்சப்ப சாலமன் ஆஷ்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் பண்ண ஒரு எக்ஸ்பெரிமெண்ட் பாடமா வந்துச்சு, அப்ப மார்க்குக்கு படிச்சது, இப்ப தான் உறைக்குது. 1950கள்ல பண்ணது. ஒரு கோடு காட்டி, அதே நீளத்துல இருக்குற கோடு எதுன்னு கேப்பாங்க, சின்ன புள்ள கூட சொல்லிடும். ஆனா ரூம்ல இருக்குற மத்தவங்க எல்லாம் செட்டப் பண்ண ஆளுங்க, எல்லாரும் ஒரே மாதிரி தப்பான பதில சொல்லுவாங்க. நடுவுல மாட்டின அந்த ஒரு ஆளு என்ன பண்ணுவான்னு பாக்குறது தான் டெஸ்ட். கண்ணுக்கு எதிர்ல சரியான பதில் இருந்தும் முக்கால்வாசி பேர் ஒரு தடவையாச்சும் கூட்டத்தோட சேந்து தப்பா சொன்னாங்க. இது எல்லாரும் மேற்கோள் காட்டுற பாதி. மீதிய தான் விட்டுடுவாங்க. அந்த கூட்டத்துல ஒரே ஒருத்தர் சரியா சொல்ற மாதிரி வெச்சா, ஒத்து ஊதுறது நாலுல ஒரு பங்கா கொறஞ்சு போச்சு. அந்த ராத்திரி வராண்டால எங்களுக்கு அப்படி ஒரு ஆளு இல்ல. அந்த ஆளு வந்து சேர கால் நூற்றாண்டுக்கு மேல ஆயிடுச்சு, பரவால்ல வந்துச்சேன்னு சொல்ல எனக்கு மனசு வரல, வராமலே போயிருந்தா என்ன பண்ணிருப்பேன்னும் தெரியல.

அவளுக்கு நான் உடனே பதில் போடல. சினிமால வர்ற மாதிரி அழுதுட்டே போன் பண்ணுவேன்னு நீங்க எதிர்பாத்தா, இல்ல. எனக்கு கோவம் தான் வந்துச்சு. பாத்தியா, பக்கத்து கட்டில்ல படுத்துட்டு, என் சோப்ப வாங்கி குளிச்சுட்டு, தெரிஞ்சும் கம்முனு இருந்திருக்கா. அதுவரைக்கும் எனக்கு அவ மேல ஒரு வருத்தமும் கெடையாது, புதுசா அவ குடுத்தது தான் இந்த கோவம். உண்மைய சொல்ல வர்றவங்க இத யோசிக்கிறதில்லன்னு நெனைக்கிறேன், சொன்னா பாரம் எறங்கும்னு அவங்க நெனைப்பாங்க, அந்த பாரம் எங்க போய் எறங்குது? கேக்குறவங்க தலைல. அதனால சொல்லக் கூடாதுன்னு நான் சொல்லல. சொல்லிட்டு ஓடிப் போகாம இருக்கணும்.

அவ ஓடல. கொஞ்ச நாள் விட்டு அவளே கூப்பிட்டா. "பேசலாமாடி? வேணாம்னா வெச்சுடறேன்"ன்னா. பேசுன்னேன். மன்னிச்சுடுன்னு ஒரு வார்த்தை அவ கேக்கல. கேட்டிருந்தா நான் வாய் வார்த்தைக்கு பரவால்லடின்னு சொல்லிட்டு வெச்சிருப்பேன், விஷயம் அங்கயே முடிஞ்சிருக்கும். அதுக்கு பதிலா அவ கேட்டது, "உன் வீட்டுல யாருக்கெல்லாம் இது தெரியும்? யார்கிட்ட நான் சொல்லணும்?"

பின்னாடி படிச்சேன், ராய் லெவிக்கின்னு ஒருத்தர் தன் சகாக்களோட சேந்து 2016ல ஒரு ஆய்வு போட்டிருக்கார், மன்னிப்பு கேக்குறதுல என்னென்ன அம்சம் இருக்கு, எது எடுபடுதுன்னு. ஆறு அம்சத்துல ரொம்ப முக்கியமானது, தப்பு என்னோடதுன்னு ஒத்துக்கிறது. அதுக்கடுத்து, இத எப்படி சரி பண்றேன்னு சொல்றது. கடைசி இடம் எதுக்கு தெரியுமா? என்ன மன்னிச்சுடுன்னு கேக்குறதுக்கு. வாங்குற எடத்துல இருந்தவளா சொல்றேன், நூத்துக்கு நூறு உண்மை. மன்னிச்சுடுன்னு கேக்குறப்ப வேல நம்ம கைக்கு வந்துடுது, இப்ப நாம பெருந்தன்மையா நடந்துக்கணும். யாருக்கு சொல்லணும்னு கேட்டா வேல அவ கைலயே இருக்கு.

நான் அண்ணன் பேர சொன்னேன். அப்பா அம்மா ரெண்டு பேருமே இப்ப இல்ல. அண்ணனுக்கு அப்பவே விஷயம் தெரியும், காலேஜ்லேர்ந்து லெட்டர் போச்சு. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல, திட்டல. ஆனா நான் வீட்டுல இருக்குற நாள்ல டேபிள் மேல கெடக்குற பர்ஸ எடுத்து சட்டைப் பைல வெச்சுக்குவார். வேலைக்கு போய் நான் சம்பாதிக்க ஆரம்பிச்சப்புறமும் வெச்சுக்கிட்டார். கல்யாணம் ஆகி குழந்தையோட போனப்பயும். அவருக்கே தெரியாம கை தன்னால போகும்னு நெனைக்கிறேன்.

அவ பேசினா. என்ன பேசினான்னு எனக்கு தெரியாது. அன்னிக்கு சாயந்தரம் அண்ணன் கூப்பிட்டார். "அந்த பொண்ணு பேசுச்சும்மா. நான் எல்லாம் அப்பவே நம்பல, நீயாவது எடுக்குறதாவது"ன்னார். பொய். பச்சப் பொய். ஆமாண்ணேன்னு சொல்லிட்டு வேற பேசினேன். அவருக்கு அறுபது நெருங்குது, ஒரே சீசன்ல எல்லாரும் தைரியசாலி ஆகணும்னு எதிர்பாக்க முடியுமா.

ஏன் இப்பன்னு அவகிட்ட கேட்டேன், அத சொல்லியே ஆகணும். அவ பொண்ணு வெளியூர்ல ஹாஸ்டல்ல இருக்கு. அங்க ஒரு பொண்ண மத்தவங்க சேந்து ஏதோ பழி போட்டு ஒதுக்கி வெச்சிருக்காங்க, இவ பொண்ணுக்கு உண்மை தெரியும். போன் பண்ணி, "நான் போய் வார்டன்கிட்ட சொல்லட்டுமாம்மா"ன்னு கேட்டிருக்கு. இவ, "உனக்கெதுக்குடி வம்பு, படிப்ப பாரு"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டா. வெச்சப்புறம் தான் சொன்னது என்னன்னு புரிஞ்சுதாம். ராத்திரி பூரா தூக்கம் இல்ல. அந்த வாரமே குரூப்ல வராண்டா போட்டோ வருது.

"பொண்ணுகிட்ட திரும்ப கூப்பிட்டு சொன்னியா?"ன்னு கேட்டேன்.

"கூப்பிட்டேன்டி. அவ என்ன கேக்குறதுக்கு முன்னாடியே போய் சொல்லிட்டாளாம். சும்மா நான் என்ன சொல்றேன்னு பாக்க கேட்டாளாம்."

ரெண்டு பேரும் சிரிச்சோம். அவ்ளோ நேரம் பேசினதுல சிரிச்சது அந்த ஒரு எடத்துல தான்.

தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக்னு ரெண்டு பேர் 1995ல எழுதின ஒரு கட்டுரை, வருத்தங்களப் பத்தி. தப்பா செஞ்ச காரியம் கொஞ்ச காலத்துக்கு தான் ரொம்ப உறுத்துமாம், வருஷம் போகப் போக உறுத்துறது செய்யாம விட்டது தானாம். செஞ்சதுக்கு ஏதோ ஒரு சமாதானம் சொல்லிக்கலாம், செய்யாததுக்கு முடிவே கெடையாது, செஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுட்டே போலாம். என் ரூம்மேட்டுக்கு நடந்தது இது தான். நான் அந்த வராண்டாவ மறக்க முயற்சி பண்ணிட்டு இருந்த அத்தன வருஷமும் அவ அதுல நின்னுட்டே இருந்திருக்கா. இது எனக்கு ஆறுதலான்னு கேட்டா, கொஞ்சம் ஆமா.

லேட்டா சொல்றது எல்லாத்தையும் தைரியம்னு தூக்கி வெச்சு கொண்டாடவும் எனக்கு மனசில்ல. குந்தர் கிராஸ் பெரிய எழுத்தாளர், 1999ல நோபல் வாங்கினவர், ஜெர்மனி தன் நாஜி காலத்த மறைக்கக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் பாடம் நடத்தினவர். 2006ல, எழுபத்தெட்டு வயசுல, பதினேழு வயசுல தானும் நாஜிகளோட வாஃபன் எஸ்எஸ் படைல இருந்தேன்னு சொன்னார். சொல்லாமலே செத்திருக்கலாம், சொன்னார், அது வரைக்கும் சரி. ஆனா நோபலும் வாங்கி, அடுத்தவங்க மௌனத்த எல்லாம் திட்டியும் முடிச்சப்புறம் சொன்னா, கேக்குறவங்களுக்கு வயிறு எரியத்தானே செய்யும்? எரிஞ்சுது.

இன்னொரு பக்கம் சயாம் மரண ரயில் பாதை, ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான் ராணுவம் போட்டது. நம்ம ஆளுங்களுக்கு அந்த பேரு புதுசு கெடையாது, மலாயா தோட்டங்கள்லேர்ந்து கொண்டு போன தமிழ்த் தொழிலாளிங்க ஆயிரக்கணக்குல அங்க செத்தாங்க, பல பேருக்கு பேரு கூட எங்கயும் பதிவாகல. அதே பாதைல போர்க் கைதியா இருந்தவர் எரிக் லோமாக்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் அதிகாரி. 1943ல ஒளிச்சு ரேடியோ வெச்சிருந்ததுக்காக அவர சித்திரவதை பண்ணாங்க, அங்க மொழிபெயர்ப்பாளரா உக்காந்திருந்தது தகாஷி நாகாசேன்னு ஒரு ஜப்பான்காரர். அடிச்சது வேற ஆளுங்க, ஆனா லோமாக்ஸுக்கு மனசுல தங்கினது கேள்வி கேட்ட அந்த குரல். அத்தன வருஷமா வெறுப்பு. நாகாசே போர் முடிஞ்சப்புறம் திரும்பத் திரும்ப தாய்லாந்துக்கு போய், செத்தவங்களுக்காக தன்னால ஆனத செஞ்சுட்டு இருந்தார், யாரும் கேக்காமலே. ரெண்டு பேரும் நேர்ல சந்திச்சது 1993ல, அதே குவாய் ஆத்துப் பாலத்துக்கிட்ட, அப்ப ரெண்டு பேருக்கும் எழுபது தாண்டியாச்சு. லோமாக்ஸ் கடைசில மன்னிச்சார், ஆனா சந்திக்கிறதுக்கு முன்னாடி கொல்லணும்ங்கற அளவுக்கு ஆத்திரம் இருந்ததையும் மறைக்காம சொன்னவர். எனக்கு அந்த ரெண்டாவது விஷயம் தான் புடிச்சுது. நாகாசே பல வருஷம் வேல செஞ்சுட்டு தான் எதிர்ல வந்து நின்னார், அதனால தான் அந்த சந்திப்புக்கு ஒரு மதிப்பு.

நான் மன்னிச்சாச்சான்னு என் பொண்ணு கேக்குறா. தெரியல. இப்ப நானும் அவளும் பேசிக்கிறோம், மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ, பெரும்பாலும் முட்டி வலி, பசங்க படிப்பு, இது மாதிரி. சில நாள் பேசிட்டு வெச்சப்புறம் திடீர்னு அந்த சோப்பு ஞாபகம் வந்து பத்திக்கிட்டு வரும். வந்துட்டு போகும். அவ வீட்டுக்காரர் வேலைக்கு இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல, ஆனா அந்த சிபாரிசு பண்ணவ இப்ப இவ போன எடுக்கிறதில்லையாம். "எடுக்காட்டி போறா"ன்னா. குரல் கொஞ்சம் தடுமாறிச்சு.

இன்னொரு விஷயம் மிச்சம் இருக்கு. அவ குரூப்ல போட்ட அன்னிக்கு ராத்திரியே எனக்கு தனியா மெசேஜ் வந்துச்சு, மூணு பேர்கிட்டேர்ந்து. மூணும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. "எனக்கும் அப்பவே தெரியும்டி, சொல்ல முடியல, நீ தப்பா எடுத்துக்காத", இப்படி. ஒருத்தி கூடவே "இத குரூப்ல ஷேர் பண்ணிடாத ப்ளீஸ்"னு போட்டிருந்தா. அத படிச்சப்ப தான் என் ரூம்மேட் செஞ்சதோட அளவு எனக்கு புரிஞ்சுது. என் மானம் போனது வராண்டால, எல்லாரும் பாக்க. அத திருப்பித் தர்றது மட்டும் ரகசியமா, நான் யாருக்கும் காட்டக் கூடாதுங்கற நிபந்தனையோடயா? தனியா சொல்றது ஒண்ணுமே இல்லன்னு நான் சொல்லல. ஆனா அத படிச்சு நிம்மதி ஆகப் போறது அனுப்பினவங்க தான், எனக்கு ஒண்ணும் மாறல. பொய் எங்க உக்காந்திருக்கோ அங்க போய் தான் அத எழுப்பணும்.

குரூப் செட்டிங்க கொஞ்ச நாள்லயே பழையபடி மாத்திட்டாங்க. சந்திப்புக்கு தேதி பாத்துட்டு இருக்காங்க, நான் வருவேனான்னு ஒருத்தி கேட்டா, ரூம்மேட் வந்தா வருவேன்னு போட்டேன். அந்த மூணு பேருக்கு நான் இன்னும் பதில் போடல, போடாம இருக்கேன்னு அவங்களுக்கு சங்கடமா இருக்கும், தெரியுது. குரூப் இப்ப தெறந்து தான் இருக்கு. அங்க எழுதுங்கம்மா, அங்கயே பதில் போடறேன்.